மறைத்தலும் அறிவித்தலும்: பல்கலைக்கழக வளாகங்களில் கணினிப் பாதுகாப்பு விழிப்புணர்வின் வரலாறு (1961–2022)

ஆய்வுச்சுருக்கம்

கணினிப் பாதுகாப்பு விழிப்புணர்வு இணைய வங்கிச் சேவையும் திறன்பேசியும் பரவிய பிறகு எழுந்த தேவை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும் அதன் வேர்கள் 1960களின் பல்கலைக்கழகக் கணினிக்கூடங்களில் உள்ளன. கடவுச்சொல்லும் அதன் முதற் கசிவும், இணையத்தை முடக்கிய முதற் பெரும் நிரலும், ஏமாற்று மின்னஞ்சலுக்கு மனிதர் ஏன் இரையாகின்றனர் என்பதை அளந்த தொடக்ககாலச் சோதனைகளும் வளாகங்களிலேயே நிகழ்ந்தன. 1961 முதல் 2022 வரையிலான சில தெரிந்தெடுத்த நிகழ்வுகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. தவறு நேர்ந்ததை மறைத்த இடங்களில் இழப்பு பெருகியதும், உடனே அறிவித்த இடங்களில் பிறருக்கும் பாதுகாப்பு கிடைத்ததும் இவ்வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. ஆகவே விழிப்புணர்வின் அளவுகோல் ஏமாறாமை மட்டுமன்று, ஏமாந்ததை அச்சமின்றி உடனே சொல்ல இயலும் சூழலும் ஆகும் என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: கணினிப் பாதுகாப்பு, கடவுச்சொல், தூண்டில் மின்னஞ்சல், இணைய மோசடி, பல்கலைக்கழக வளாகம், விழிப்புணர்வு.

முன்னுரை

வங்கியும் படைத்தளமும் உள்ளே வருவோரை ஐயுற்று நோக்கும் இயல்புடையவை. பல்கலைக்கழகம் அவ்வாறன்று. நூலகத்தைத் திறந்து வைப்பதும், ஆய்வு முடிவுகளை வெளியிடுவதும், முன்பின் அறியாத ஒருவர் ஐயம் கேட்டு எழுதினால் மறுமொழி அனுப்புவதும் அதன் அன்றாடப் பணிகள். ஆசிரியரின் பெயர், துறை, மின்னஞ்சல் முகவரி, அண்மைக் கட்டுரை ஆகிய அனைத்தும் பொதுவெளியில் கிடைக்கின்றன. ஆண்டுதோறும் ஒரு தலைமுறை மாணவர் வெளியேற, வளாகத்தின் நடைமுறைகளை அறியாத புதிய தலைமுறை உள்ளே வருகிறது. கல்விக்கு இன்றியமையாத இத்திறந்த தன்மையே மோசடியாளருக்கும் வாயிலாக அமைகிறது.

இதனை எதிர்கொள்ளப் பல்கலைக்கழகங்கள் கடந்த 60 ஆண்டுகளில் மேற்கொண்ட முயற்சிகளைத் தொழில்நுட்ப வரலாறாக மட்டும் காண்பது போதாது. ஒவ்வொரு நிகழ்விலும் இயந்திரத்தின் குறைபாட்டோடு மனிதரின் நடத்தையும் பின்னிக் கிடக்கிறது. தவறு நேர்ந்தபின் அதனை அறிந்தவர் பேசினரா, மௌனம் காத்தனரா என்ற வினாவை முன்வைத்து இந்நிகழ்வுகள் இங்கு வரிசைப்படுத்தப்படுகின்றன.

1. கடவுச்சொல்லும் முதற் கசிவும்

ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிசெய்த நேரப்பகிர்வு அமைப்பு ஒன்று, ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) உருவாகி, 1961 நவம்பரில் செய்துகாட்டப்பட்டது. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகளும் வரையறுக்கப்பட்ட கணினி நேரமும் ஒதுக்கப்பட்டதால், பயனர்களை வேறுபடுத்தி அறிய வேண்டியிருந்தது. அதற்கெனக் கடவுச்சொல் பயன்பாட்டுக்கு வந்தது. பணத்தையோ இராணுவ இரகசியத்தையோ காப்பதற்காக அன்றி, வளாகத்தில் பற்றாக்குறையாக இருந்த கணினி நேரத்தைப் பங்கிடுவதற்காகவே அது அங்குத் தோன்றியது என்பது கருதத்தக்கது.

முதற் கசிவுக்கும் அப்பற்றாக்குறையே காரணமாயிற்று. ஆலன் ஷெர் என்ற முனைவர் பட்ட மாணவருக்கு வாரத்திற்கு 4 மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. நேரப்பகிர்வு அமைப்பின் செயல்திறனை ஆராய்ந்த அவருக்கு அது போதவில்லை. கோப்பொன்றை அச்சிட வேண்டுமெனில் துளையட்டை வழியாகக் கோரிக்கை அளிக்கலாம் என்பதை அறிந்திருந்த அவர், 1962இல் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிடுமாறு கோரினார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு கோரிக்கை இட்டு, மறுநாள் காலை அச்சுப்படியை எடுத்துக்கொண்டார். பழி தம்மீது மட்டும் விழாதிருக்கும் பொருட்டுப் பிறருக்கும் கடவுச்சொற்களைப் பகிர்ந்தார். பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே இதனை அவர் வெளிப்படையாகக் கூறினார்.

இரண்டாம் கசிவு எவருடைய திட்டமும் இன்றி நேர்ந்தது. அமைப்பைப் பராமரிப்போர் கோப்புகளைத் திருத்தப் பயன்படுத்திய நிரல், ஒரு நேரத்தில் ஒருவரே அதனைக் கையாள்வார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டிருந்தது. அதனால் அது உருவாக்கும் தற்காலிகக் கோப்பிற்கு எப்போதும் ஒரே பெயர். 1960களின் நடுப்பகுதியில் ஒருநாள், ஒருவர் பயனர்களுக்கான அன்றைய அறிவிப்பையும் மற்றொருவர் கடவுச்சொற் கோப்பையும் ஒரே நேரத்தில் திருத்தினர். இரு கோப்புகளும் இடம்மாறின. அதன்பின் கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்கு மாறாக அனைவரின் கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன.

இவ்விரு நிகழ்வுகளின் பின்விளைவுகள் வேறுபட்டவை. ஷெரின் செயல் மறைக்கப்பட்டதால் அன்றைய அமைப்பாளர்கள் அதிலிருந்து எதையும் கற்க இயலவில்லை. இரண்டாம் நிகழ்வோ அனைவர் கண்முன்னும் நிகழ்ந்ததால் கடவுச்சொற்கள் உடனே மாற்றப்பட்டன. பின்னாளில் டூரிங் விருது பெற்ற கோர்பாட்டோ, தமது விருதுரையில் தம் அமைப்பின் இத்தவற்றையே எடுத்துக்காட்டாகக் கூறினார். தோல்வியுறும் இயல்புடைய அமைப்புகளைக் கட்டுவது குறித்தது அவ்வுரை.

கடவுச்சொற்களை உள்ளவாறே ஒரு கோப்பில் எழுதி வைத்ததே இரு கசிவுகளுக்கும் அடிப்படை. மீட்டெடுக்க இயலாத மறைகுறியாக மாற்றிச் சேமிக்கும் முறை 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீடம் முதலியோரால் உருவாக்கப்பட்டது. அம்முறையை யூனிக்ஸ் அமைப்பில் கையாண்ட ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் ஆகிய பெல் ஆய்வகத்தினர் 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831 சொற்கள், அதாவது 86 விழுக்காடு, மிகக் குறுகியவையாகவோ அகராதிச் சொற்களாகவோ பெயர்களாகவோ இருந்தன. பூட்டு வலுப்பெற்ற பின்னரும் சாவியை மனிதர் எளிதில் ஊகிக்கத்தக்கதாகவே வைத்திருந்தனர்.

2. எழுபத்தைந்து சென்ட் கணக்குப் பிழை

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் நிர்வகிக்கும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 1986 ஆகஸ்டில் கணினி நேரக் கணக்கில் 75 சென்ட் குறைந்தது. அங்குப் பணியாற்றிய வானியலாளர் கிளிஃபர்ட் ஸ்டோல் அதன் காரணத்தைத் தேடியபோது, அடையாளம் தெரியாத ஒருவர் ஆய்வகக் கணினிக்குள் நுழைந்து, அங்கிருந்து அமெரிக்க இராணுவக் கணினிகளைத் தேடி வருவதைக் கண்டார். நுழைந்தவரை உடனே வெளியேற்றாமல், அவருடைய ஒவ்வொரு கட்டளையையும் மாதக்கணக்கில் அச்சிட்டுப் பதிவு செய்தார். இல்லாத இராணுவத் திட்டம் ஒன்றைப் பற்றிய போலிக் கோப்புகளை வைத்து அவரை நீண்ட நேரம் இணைப்பில் இருக்கச் செய்து, தொலைபேசித் தடத்தின் வழியே மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரம் வரை தொடர்ந்து சென்றார். அங்கிருந்து இயங்கிய குழுவினர் தாம் திரட்டியதைச் சோவியத் உளவுத் துறைக்கு விற்றது பின்னர் வெளிப்பட்டது.

ஊடுருவியவர் ஏறத்தாழ 450 கணினிகளை முயன்று, 30க்கும் மேற்பட்டவற்றில் நுழைந்ததாக ஸ்டோல் 1988 மே மாதம் வெளியிட்ட கட்டுரை கூறுகிறது. அவர் அரிய நுட்பம் எதையும் பெரிதும் நம்பியிருக்கவில்லை. கணினியை விற்ற நிறுவனம் தொடக்கத்தில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விட்டிருந்த இடங்களிலும், ஊகிக்க எளிதான சொல்லை வைத்திருந்த இடங்களிலும் பொறுமையோடு முயன்று நுழைந்தார். நுழையப்பட்ட கணினிகளின் நிர்வாகிகளுள் பெரும்பாலோர் அதனைத் தாமாகக் கண்டறியவில்லை.

தொடக்கத்தில் காவல் துறையினர் இதில் ஆர்வம் காட்டவில்லை. 75 சென்ட் இழப்பு விசாரணைக்கு உரியதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. இழந்த தொகையைக் கொண்டு நிகழ்வின் முக்கியத்துவத்தை அளப்பதன் பிழையை இது காட்டுகிறது. ஊடுருவல் நேர்ந்த நிறுவனம் தன் பெயர் கெடும் என்றெண்ணி மௌனம் காப்பது வழக்கமாயிருந்த காலத்தில், எந்தக் குறைபாடுகள் வழியாக நுழைவு நிகழ்ந்தது என்பதை ஆய்விதழில் வெளியிட்டது ஸ்டோலின் முதன்மைப் பங்களிப்பு எனலாம்.

3. 1988: வளாகங்களை நிறுத்திய புழு

1988 நவம்பர் 2 அன்று மாலை, தானே தன்னைப் பெருக்கிக்கொள்ளும் நிரல் ஒன்று இணையத்தில் பரவத் தொடங்கியது. அதனை எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக முதுநிலை ஆய்வு மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ். 1979ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான மாரிஸின் மகன் அவர். நிரலைத் தம் பல்கலைக்கழகத்திலிருந்து விடாமல் எம்.ஐ.டி. கணினி ஒன்றிலிருந்து விட்டார். அன்று இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு.

அந்நிரல் மின்னஞ்சல் மென்பொருளின் குறைபாட்டையும் பயனர் விவரம் தரும் சேவையின் குறைபாட்டையும் பயன்படுத்தியது. தன்னுள் வைத்திருந்த 432 சொற்களைக் கொண்டு கடவுச்சொற்களையும் ஊகித்தது. இவற்றோடு, கணினிகள் ஒன்றையொன்று கடவுச்சொல் கேளாமலே நம்பும் ஏற்பாட்டையும் பயன்படுத்தியது. ஒத்துழைப்பின் பொருட்டு ஆய்வகங்கள் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட நம்பிக்கையே புழு பரவும் பாதையாயிற்று.

தீர்வும் வளாகங்களிலிருந்தே வந்தது. பெர்க்லி, எம்.ஐ.டி., பர்டியூ முதலிய பல்கலைக்கழகக் குழுக்கள் நிரலைப் பிரித்தறிந்து, சில நாட்களுக்குள் திருத்தங்களைப் பகிர்ந்தன. ஆயினும் செய்தி செல்லவேண்டிய பாதையே அடைபட்டிருந்தது. ஆர்வர்டிலிருந்த நண்பர் ஒருவர் மாரிஸின் சார்பில் பெயர் குறிப்பிடாது அனுப்பிய எச்சரிக்கையும் தீர்வுக் குறிப்பும் நெரிசலால் தாமதமாகவே பிறரைச் சென்றடைந்தன. அச்சத்தால் இணைப்பைத் துண்டித்த நிறுவனங்கள் புழுவோடு தீர்வையும் தடுத்துவிட்டன.

யாருக்கு, எந்த வழியில் தெரிவிப்பது என்ற ஏற்பாடு முன்கூட்டியே இல்லாததே அன்றைய பெருங்குறை. இதனை உணர்ந்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆய்வு முகமை, அதே மாதத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருட் பொறியியல் நிறுவனத்தில் கணினி அவசர உதவிக் குழுவின் ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தியது. பிற நாடுகள் பின்னர் அமைத்த இத்தகைய குழுக்களுக்கு அதுவே முன்மாதிரி. 2004 முதல் இயங்கும் இந்தியாவின் ‘செர்ட்-இன்’ இவ்வழியில் வந்ததே.

1986ஆம் ஆண்டுக் கணினி மோசடிச் சட்டத்தின்கீழ் மாரிஸ் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 1990இல் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. பின்னாளில் அவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார்.

4. இயந்திரத்திலிருந்து மனிதரை நோக்கி

2000களில் தாக்குதலின் இலக்கு மாறியது. நம்பத்தக்க ஒருவர் அனுப்பியதுபோல் தோன்றும் கடிதத்தால் கடவுச்சொல்லைப் பறிக்கும் ‘ஃபிஷிங்’ என்னும் தூண்டில் மின்னஞ்சல் பெருகியது. கணினியின் குறையைத் தேடுவதினும் மனிதரின் பழக்கத்தைப் பயன்படுத்துவது எளிதாயிற்று. அப்பழக்கத்தை அளந்தறியும் முயற்சிகளும் வளாகங்களிலேயே நிகழ்ந்தன. அவற்றுள் மூன்று இங்குக் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, 2004இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்விக்கழகத்தில் நடந்தது. மதிப்பெண் அறிக்கையில் சிக்கல் இருப்பதாகவும் உடனே இணைப்பைத் திறந்து பார்க்குமாறும், கற்பனையான கர்னல் ஒருவரின் பெயரில் 512 மாணவர்களுக்கு மின்னஞ்சல் சென்றது. 80 விழுக்காட்டினருக்கும் மேல் இணைப்பைத் திறந்தனர். மேலதிகாரியின் சொல்லுக்குப் பணியப் பழக்கப்பட்டவர்கள் அப்பணிவாலேயே ஏமாந்தனர்.

இரண்டாவது, 2005இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. ஆய்வாளர்கள் பொதுவெளியில் கிடைத்த தகவல்களைக் கொண்டு எந்த மாணவருக்கு யார் நண்பர் என்பதை அறிந்து, நண்பரின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பினர். பெற்றவருள் 72 விழுக்காட்டினர் தம் பல்கலைக்கழகக் கடவுச்சொல்லைப் போலிப் பக்கத்தில் அளித்தனர். அறியாத ஒருவரின் பெயரில் சென்றபோது அவ்வாறு அளித்தோர் 16 விழுக்காட்டினரே.

எண்ணிக்கையைவிட, பின்னர் நிகழ்ந்தது முக்கியமானது. சோதனை முடிந்தபின் மாணவர் கருத்துகளை எழுத இடமளிக்கப்பட்டது. எழுதியோருள் ஒருவர்கூடத் தாம் ஏமாந்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. தாம் ஏமாறவில்லை, ஏமாந்த நண்பருக்காகவே வருந்துகிறோம் என்ற முறையில் பலர் எழுதினர். தண்டனை இல்லை, பண இழப்பு இல்லை, நடந்தது ஆய்வு என்பதும் தெரிந்துவிட்டது. அந்நிலையிலும் வெட்கம் அவர்களைப் பேசவிடவில்லை.

மூன்றாவது, பொன்னுரங்கம் குமரகுரு முதலியோர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு. மாணவர், ஆசிரியர், ஊழியர் என 515 பேர் பங்கேற்றனர். போலி மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்தவருக்கு அந்நொடியிலேயே சிறு சித்திரப் பாடம் காட்டப்பட்டது. 28 நாட்களுக்குப் பின்னரும் அதன் பயன் எஞ்சியிருந்தது. 18 முதல் 25 வயதுக்குட்பட்டோர் பிறரினும் மிகுதியாக ஏமாறினர் என்பதும் அதன் முடிவுகளுள் ஒன்று. கணினியோடு வளர்ந்த இளையோர் இயல்பாகவே விழிப்புடையோர் என்ற பொதுக்கருத்தை இது மறுக்கிறது.

5. புலமையும் நடைமுறையும் தூண்டிலாதல்

சோதனையில் கண்டவை விரைவில் மெய்யாயின. 2018 மார்ச் மாதம் அமெரிக்க நீதித் துறை ஈரானியர் ஒன்பது பேர்மீது குற்றப்பத்திரிகை வெளியிட்டது. 2013 முதல் 1,00,000க்கும் மேற்பட்ட பேராசிரியர்களின் கணக்குகள் குறிவைக்கப்பட்டு, ஏறத்தாழ 8,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டன என்பது அதன் குற்றச்சாட்டு. 144 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் பிற 21 நாடுகளின் 176 பல்கலைக்கழகங்களும் அதில் அடங்கும்.

குற்றப்பத்திரிகை விவரிக்கும் உத்தி, ஆய்வுலகை நன்கறிந்தோர் வகுத்தது. வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதுவதுபோல் மின்னஞ்சல் வரும். பெறுபவர் அண்மையில் வெளியிட்ட கட்டுரையைப் படித்ததாகவும், அது தொடர்பான பிற கட்டுரைகளில் ஆர்வமுள்ளதாகவும் அதில் எழுதியிருக்கும். கீழே கட்டுரைகளுக்கான இணைப்புகள் இருக்கும். திறந்தால் பெறுபவரின் பல்கலைக்கழக நுழைவுப் பக்கத்தைப் போன்ற போலிப் பக்கம் தோன்றும். இணைப்பு அறுந்துவிட்டது என்றெண்ணிக் கடவுச்சொல்லை மீண்டும் இடுவார். தம் ஆய்வை ஒருவர் படித்தார் என்ற மகிழ்ச்சி எந்த ஆய்வாளருக்கும் இயல்பானது. இங்கு அதுவே தூண்டிலின் இரை.

கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள மெக்கீவன் பல்கலைக்கழகத்தில் 2017 ஆகஸ்டில் நிகழ்ந்த மோசடிக்குக் கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை. பல்கலைக்கழகத்தோடு வணிகத் தொடர்புடைய நிறுவனம் ஒன்று தன் வங்கிக் கணக்கை மாற்றியதாகக் கூறும் மின்னஞ்சல்களை நம்பி, ஊழியர்கள் கணக்கு விவரத்தை மாற்றினர். 1.18 கோடி கனடிய டாலர் மூன்று தவணைகளில் மோசடியாளரைச் சென்றடைந்தது. உண்மையான நிறுவனம் தனக்குப் பணம் வரவில்லை என்று கேட்டபோதே செய்தி வெளிப்பட்டது. முன்பே அறிந்த எண்ணுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்திருந்தால் இழப்பைத் தவிர்த்திருக்கலாம். பல்கலைக்கழகம் சில நாட்களில் நிகழ்வைப் பொதுவில் அறிவித்தது. பணம் சென்ற கணக்குகள் முடக்கப்பட்டுப் பெரும்பகுதி பின்னர் மீட்கப்பட்டது.

6. பொதுவில் பேசிய இரு பல்கலைக்கழகங்கள்

2018 நவம்பரில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் மூத்த அலுவலர் ஒருவருக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. அவருடைய அஞ்சலைப் பார்க்கும் உரிமை பெற்ற ஊழியர் அதனை முன்னோட்டமாக மட்டுமே கண்டார். இணைப்பு எதையும் திறக்கவில்லை. ஆயினும் கடவுச்சொல் விவரங்கள் திருடப்பட்டன. அவ்வழியே நுழைந்தோர் மனிதவளம், நிதி, மாணவர் நிர்வாகம் ஆகியவற்றின் பதிவுகளை எட்டினர். அப்பதிவுகள் 19 ஆண்டுக் காலத்திற்கு உரியவை. 2019இல் ஊடுருவலைக் கண்டறிந்த பல்கலைக்கழகம் ஜூன் மாதம் பொதுவில் அறிவித்தது. அக்டோபரில் முழு அறிக்கையையும் வெளியிட்டது. நுழைந்த வழி, தங்கிய காலம், தன் அமைப்பின் பலவீனங்கள் ஆகியவற்றைத் துணைவேந்தர் பிரையன் ஷ்மிட் முன்னுரையோடு வந்த அவ்வறிக்கை மறைக்காது எடுத்துரைத்தது. ஐயத்திற்குரிய இணைப்பைத் திறக்காதீர் என்ற அறிவுரையின் எல்லையை இந்நிகழ்வு காட்டுகிறது. ஊழியர் விழிப்போடிருந்தும் நுழைவு நிகழ்ந்தது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 அக்டோபர் நடுவில் வந்த தூண்டில் மின்னஞ்சல் இரு கணினிகளில் திறக்கப்பட்டது. இரண்டு மாதங்களுக்கும் மேலாக உள்ளேயிருந்த ஊடுருவிகள், விடுமுறைக் காலமான டிசம்பர் 23 அன்று 267 சேவையகங்களின் கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டனர். தேர்வுகளும் ஆய்வேடுகளும் ஊதியமும் தடைபடும் நிலையில், பல்கலைக்கழகம் 30 பிட்காயின்களைச் செலுத்தியது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2 இலட்சம் யூரோ.

பணம் செலுத்தியது சரியா என்பது இன்றும் விவாதத்திற்குரியது. எனினும் அதன்பின் பல்கலைக்கழகம் மேற்கொண்ட முடிவு கவனத்திற்குரியது. 2020 பிப்ரவரி 5 அன்று கருத்தரங்கு கூட்டி, விசாரணை அறிக்கையை வெளியிட்டு, எங்கெங்குத் தவறு நேர்ந்தது என்பதைப் பிற நிறுவனங்களின் முன்னிலையில் விளக்கியது. செலுத்திய தொகையில் ஒரு பகுதி, உக்ரைனியர் ஒருவரின் மெய்நிகர்ப் பணப்பையில் 2020இல் முடக்கப்பட்டது. 2022இல் அதன் மதிப்பு சுமார் 5 இலட்சம் யூரோவாக உயர்ந்திருந்தது. அத்தொகை, நெருக்கடியிலுள்ள மாணவர்களுக்கு உதவும் நிதிக்குப் பயன்படும் எனப் பல்கலைக்கழகம் தெரிவித்தது.

7. பயிற்சியின் எல்லையும் அறிவித்தலின் பயனும்

பெரும்பாலான நிறுவனங்கள் இன்று விழிப்புணர்வைப் போலி மின்னஞ்சல் சோதனையால் அளக்கின்றன. இணைப்பைத் திறந்தவர் தோற்றவராகக் கணக்கிடப்படுகிறார். சூரிக் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெருநிறுவனத்தின் 14,000க்கும் மேற்பட்ட ஊழியர்களிடையே 15 மாதங்கள் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு, இம்முறையை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. சோதனையில் தவறியவருக்கு உடனே பாடம் காட்டும் பரவலான முறை அவர்களைப் பாதுகாக்கவில்லை. சிலவேளை மேலும் ஏமாறவே வைத்தது. மாறாக, ஐயத்திற்குரிய மின்னஞ்சலை ஊழியர்களே தெரிவிக்கும் ஏற்பாடு விரைவாகவும் நீண்ட காலம் சோர்வின்றியும் செயல்பட்டது. கார்னகி மெலன் ஆய்வின் முடிவோடு இது முரண்படுவதுபோல் தோன்றலாம். பயிற்சியின் பயன் சூழலுக்கேற்ப மாறுவது. அறிவித்தலின் பயன் அனைவரையும் சேர்வது என்றே இவ்விரண்டையும் இணைத்துக் கொள்ளவேண்டியுள்ளது. ஆயிரம் பேரில் 990 பேர் விழிப்புடன் இருந்தாலும் எஞ்சிய பத்துப் பேர் வழியாக நுழைவு நிகழலாம். அதே ஆயிரம் பேரில் ஒருவர் உடனே தெரிவித்தால் மற்ற அனைவரும் காக்கப்படலாம்.

இந்தியச் சூழலிலும் இவ்வேறுபாடு பொருந்துகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 அக்டோபரில் இளநிலை, முதுநிலை மாணவர்களுக்கான இணையப் பாதுகாப்புப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. இணையவழி நிதி மோசடியைத் தெரிவிக்க 2021இல் 155260 என்ற எண்ணில் தொடங்கிய உதவிச் சேவை இப்போது 1930 என்ற எண்ணில் இயங்குகிறது. பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்கு மாறி மறைவதற்கு முன் செய்தி கிடைத்தால் அதனை முடக்கலாம் என்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை. இங்கு ஒவ்வொரு மணி நேர மௌனமும் இழப்பாகிறது. கணினி நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தனக்குத் தெரிவிக்குமாறு செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. ஆனால் அரசுக்குத் தெரிவிப்பதும் தன் மாணவர்க்குத் தெரிவிப்பதும் ஒன்றல்ல. முன்னதைச் சட்டம் வற்புறுத்தலாம். பின்னது நிறுவனத்தின் மனப்பாங்கைப் பொறுத்தது.

பகுதிநேர வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பது, உதவித்தொகை வந்துள்ளதாகச் சொல்லி ஒருமுறைக் கடவு எண்ணைப் பெறுவது, காவல் துறையினர்போல் காணொளி அழைப்பில் அச்சுறுத்துவது ஆகியவை மாணவரைக் குறிவைக்கும் இன்றைய வடிவங்கள். இவற்றில் ஏமாறும் மாணவர் வீட்டார் சினத்திற்கும் நண்பர் ஏளனத்திற்கும் அஞ்சுகிறார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று மோசடியாளர் மிரட்டுவது இவ்வச்சத்தை அறிந்தே. ‘படித்தவருக்கே இது தெரியாதா’ என்ற கேள்வி வளாகத்தில் ஒலிக்கும்வரை அம்மிரட்டல் பலிக்கும்.

முடிவுரை

இந்நிகழ்வுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வளாகத்தின் திறந்த தன்மை நீக்கவேண்டிய குறையன்று. புழுவைப் பிரித்தறிந்த குழுக்களை ஒன்றுசேர்த்ததும் அத்தன்மையே. இரண்டாவது, ஏமாறுதல் அறியாமையின் அடையாளமன்று. வெஸ்ட் பாயிண்ட் மாணவரின் பணிவும், இந்தியானா மாணவரின் நட்பும், பேராசிரியர்களின் புலமை ஆர்வமும் நற்பண்புகளே. மோசடி அப்பண்புகளையே பற்றிக்கொண்டு நுழைகிறது. மூன்றாவது, ஷெரின் மௌனம் முதல் மாஸ்ட்ரிக்ட் கருத்தரங்கு வரை, கற்றல் நிகழ்ந்தது தவறு பேசப்பட்ட இடங்களில் மட்டுமே.

ஆகவே பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கொரு விழிப்புணர்வு உரையோடு அமையாது, பாதிக்கப்பட்ட மாணவரோ ஊழியரோ பழிக்கு ஆளாகாமல் உடனே தெரிவிப்பதற்கான ஓரிடத்தையும், அவ்வாறு தெரிவிக்கப்பட்டதைப் பெயர் சுட்டாமல் வளாகம் முழுவதற்கும் எடுத்துரைக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்த வேண்டும். வங்கிக் கணக்கு மாற்றம் போன்ற கோரிக்கைகளை வேறொரு வழியில் உறுதிசெய்யும் நடைமுறையும் இதனோடு சேரவேண்டும். ஏமாந்த மாணவர் முதலில் யாரிடம் செல்வார், அங்கு அவருக்கு என்ன மறுமொழி கிடைக்கும் என்ற இரு வினாக்களுக்கும் தெளிவான விடையுள்ள வளாகமே விழிப்புணர்வு பெற்ற வளாகம் எனத் துணியலாம்.